மீண்டு வந்தவருக்குக் கல் இல்லை



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவில் நினைவுகூர எடுத்துக்கொண்ட பொருள் ஒரு தலைவரின் புகழன்று. இளமையில் படைவீரராகவும் பின்னர்க் காவலராகவும் இருந்து, ஓய்வு பெற்று ஊரில் அமைதியாக வாழும் மனிதரின் வாழ்வே அது. தொண்டை நாட்டில் இத்தகையவர் அரியவர் அல்லர். ஆயினும் இவர் மறைந்தால் எப்படி நினைவுகூர்வது என்பதில் தமிழுக்கு இன்னும் தெளிவில்லை.

போரில் வீழ்ந்தவனை நினைவுகூரத் தமிழர்க்குத் தெரியும். கல்லைத் தேர்வது முதல் வாழ்த்தி வணங்குவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. காஞ்சியை ஆண்ட பல்லவர் காலத்து நடுகற்கள் பல செங்கம் வட்டாரத்தில் கிடைத்தன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாக அவற்றை வெளியிட்டது.

அவற்றுள் எடுத்தனூர்க் கல் தனிச்சிறப்புடையது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், ஆநிரைப் பூசலில் மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக நடப்பட்டது அது. வீரனின் உருவத்துக்கு அருகே ஒரு நாயின் உருவமும் உண்டு. அதன் பெயர் கோவிவன். இரு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுத்துச் சொல்கிறது. போரிட்டவனுக்கும் காத்து நின்ற உயிருக்கும் ஒரே கல்லில் இடம் தந்திருக்கிறார்கள். அக்கல்லில் ஆரவாரச் சொல் ஒன்றும் இல்லை. ஆண்டு, பெயர், நடந்த செயல் ஆகியவை மட்டுமே உள்ளன. பதினான்கு நூற்றாண்டுக்குப் பின்னும் அந்த மனிதனை நாம் அறிய அவையே போதுமாயின.

ஆனால் நடுகல் மாண்டவனுக்கே உரியது. போர்க்களம் கண்டு வீடு திரும்பி முதுமை எய்தியவனுக்குப் பெரும்பாலும் கல் இல்லை.

பிற்காலத்து நினைவுச் சின்னங்கள் இன்னும் குறுகிவிட்டன. காஞ்சிக்கு அருகிலுள்ள புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் படையை ஐதர் அலியும் திப்புவும் முறியடித்தனர். மறு ஆண்டு ஆகஸ்டு 27 அன்று அங்கு மீண்டும் போர் நடந்தது. அதில் இறந்த கர்னல் பிரவுன், கேப்டன் ஹிஸ்லாப் ஆகிய இரு ஆங்கில அதிகாரிகளுக்கு அவ்வூரில் நினைவுத் தூண்கள் நிற்கின்றன. அவர்களோடு அணிவகுத்த சிப்பாய்களின் பெயர்களை அத்தூண்கள் சொல்லவில்லை.

பாலாற்றின் கரையோடு மேற்கே சென்றால் வேலூர் நீண்ட கடைத்தெருவின் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இங்கிருந்து 277 பேர் சென்றனர், அவருள் 14 பேர் உயிர் நீத்தனர் என்பது அதன் செய்தி. கழித்துப் பார்த்தால் 263 பேர் எஞ்சுகின்றனர். அவர்கள் எங்கே போரிட்டனர், என்ன கண்டனர், திரும்பிய பின் எவ்வாறு பிழைத்தனர் என்பதைப் பற்றி அக்கல்லில் ஒரு சொல்லும் இல்லை. இன்று நினைவுகூரும் மனிதர் அந்த 263 பேரின் வழித்தோன்றல்.

அவருடைய வாழ்வின் அமைப்பைப் பாருங்கள். படையில் சிப்பாய்க்கு ஓய்வு முதுமையில் வருவதில்லை. 15 ஆண்டுப் பணி நிறைந்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டு; நாற்பதை எட்டும் முன்பே பலர் ஊர் திரும்புகின்றனர். பிள்ளைகள் பள்ளியில் பயிலும் பருவம் அது. காவலர் தேர்வில் முன்னாள் படைவீரர்க்கு ஒதுக்கீடு உண்டு. எனவே ஒரு சீருடையைக் களைந்தவர் மற்றொரு சீருடையை அணிகிறார். இரண்டும் ஒன்றெனத் தோன்றலாம். ஆயினும் அவை ஒன்றல்ல.

படைவீரர் எல்லையில் எதிர்கொள்பவர் அயலார். காவலர் எதிர்கொள்பவரோ அதே தெருவில் தறி நெய்பவர், அதே கடையில் தேநீர் அருந்துபவர். விடுமுறையில் வந்த படைவீரரை ஊர் மாலையிட்டு வரவேற்கும். காவலர் வாசலில் நின்றால் அதே ஊர் திடுக்கிடும். அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். காவலரின் வாழ்வை எழுதப் புகுவோர் இதை மறைத்து எழுத இயலாது.

அதே சீருடைக்கு வேறொரு முகமும் உண்டு. 2019இல் காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் எழுந்தருளினார். சூலை 1 முதல் ஆகஸ்டு 16 வரை நாடெங்கிலுமிருந்து மக்கள் திரண்டனர். ஆயிரக்கணக்கான காவலர்கள் அப்பணியில் நின்றனர். காவலருக்குப் பார்வை கூட்டத்தின்மேல் இருக்க வேண்டும். எல்லாரும் பெருமாளை நோக்கி நிற்க, பெருமாளுக்கு முதுகு காட்டி மக்களை நோக்கி நிற்பதே அவர் தொழில். இந்த நிலையைத் தமிழ்க் கவிதை இன்னும் போதிய அளவு பாடவில்லை.

கவிஞர்களிடம் வேண்டுவது ஒன்றே. இத்தகையவர் மறைந்ததும் ‘மாவீரர்’, ‘கடமைச் செம்மல்’ என்று நான்கு அடைமொழிகளை அடுக்கி இரங்கற்பா பாடிவிடுகிறோம். அப்பாடலில் பெயரை மாற்றினால் வேறு எவருக்கும் பொருந்தும். எடுத்தனூர்க் கல்லை வெட்டியவன் அவ்வாறு செய்யவில்லை. நாயின் பெயரைக்கூட விடாமல் பொறித்தான்.

ஆகவே அம்மனிதர் உயிரோடு இருக்கும்போதே அவரிடம் சென்று கேளுங்கள். எந்த ஆண்டில் படையில் சேர்ந்தார், எந்தப் பிரிவு, எந்த மலையில் எந்தப் பனியில் நின்றார்? எந்தெந்தக் காவல் நிலையங்களில் பணிபுரிந்தார்? தடியை ஓங்கிய நாள் எது, ஓங்காமல் தாழ்த்திய நாள் எது? வருந்துவது எதற்கு? விடுப்புச் சான்றும் பணிக் குறிப்புகளும் பெட்டிக்குள் செல்லரித்துப் போகுமுன் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொல்ல மறுப்பதையும் மறுத்தார் என்றே குறித்துவையுங்கள். புகழ்ச்சி பின்னர் வரட்டும், வராவிட்டாலும் குறையில்லை.

பத்து ஆண்டுகளாக இவ்வட்டம் கவிதைகளைக் கேட்டு வந்துள்ளது. அடுத்த பத்து ஆண்டுகளில் மீண்டு வந்தவர்களின் சொற்களையும் கேட்கட்டும். கல்லில் இடம் பெறாத அவர்கள் ஏட்டிலேனும் இடம் பெறட்டும்.