ஏறுதா, இறங்குதா?

இன்னைக்கு ஒரு சின்ன டெஸ்ட். இயர்ஃபோன் இருந்தா மாட்டிக்கோங்க.

[இரண்டு ஒலிகள்]

முதல் ஒலியிலிருந்து ரெண்டாவதுக்குப் போகும்போது சுருதி ஏறுச்சா, இறங்குச்சா? பக்கத்துல இருக்கறவங்களையும் கேளுங்க. நீங்க ஏறுச்சுன்னா, அவங்க இறங்குச்சுன்னு அடிச்சுச் சொல்லலாம். ரெண்டு பேர் காதுலயும் கோளாறு இல்லை.

இவை ஷெப்பர்ட் ஒலிகள். ரோஜர் ஷெப்பர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1964-ல் இவற்றை விவரித்தார். ஒரே ஸ்வரத்தைப் பல ஸ்தாயிகளில் ஒரே நேரத்தில் அடுக்கி, மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். எந்த ஸ்வரம் என்று தெரியும். எந்த ஸ்தாயி என்று பிடிபடாது.

ஒரு கடிகாரத்தை நினைச்சுக்கோங்க. 12 ஸ்வரஸ்தானங்கள்தான் அதிலுள்ள 12 எண்கள். 12-லிருந்து 1, 2, 3 என்று போனால் ஏற்றம். 11, 10, 9 என்று போனால் இறக்கம். நீங்க கேட்ட ஜோடி 12-ம் 6-ம். எந்தப் பக்கம் சுத்தினாலும் தூரம் ஒண்ணுதான்! அப்போ மூளை எதை வச்சு முடிவு பண்ணுது?

அதுக்கு முன்னாடி கேட்டதை வச்சு. கிளேர் சேம்பர்ஸ், டேனியல் பிரெஸ்நிட்சர் உள்ளிட்டோர் 2017-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இந்த ஜோடிக்கு முன்னால் 1 முதல் 5 வரையுள்ள பக்கத்து ஒலிகளைக் கேட்கவிட்டால், பெரும்பாலும் ஏறுவதாகவே கேட்கும். 7 முதல் 11 வரையுள்ள பக்கம் என்றால் இறங்குவதாகக் கேட்கும். ஜோடி அதேதான், மாறியது முன்னால் வந்தது மட்டும்.

மூளை ஏன் இப்படிச் செய்யுது? டீக்கடையில் நண்பர் பேசுறார். கூடவே பஸ் ஹாரன், டம்ளர் சத்தம், பாட்டு. எல்லாம் கலந்துதான் காதுக்கு வருது. எந்தத் துணுக்கு எதோட சேரும்னு மூளைதான் கோர்க்கணும். சற்று முன் ஒலித்த பகுதியிலேயே ஒலி தொடரும் என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துத் துணுக்குகளை அது இணைக்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். நெரிசலான சத்தத்துல ஒரு குரலைப் பிடிச்சுக்கிட்டுப் போக இது உதவுற பழக்கம்தான்.

ஆனா ஒரு விஷயம். மூளை இப்படி ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தது நமக்குத் தெரியவே தெரியாது. அப்படியே காதுல விழுந்த மாதிரிதான் இருக்கும்.

அடுத்த தடவை யாராவது "நான் என் காதால கேட்டேன்"னு சண்டைக்கு வந்தா, பொய்யின்னு சொல்லிடாதீங்க. "அதுக்கு முன்னாடி என்ன கேட்டுட்டு இருந்தே?"ன்னு கேட்டுப் பாருங்க.