கவர்னரும் கொத்தனாரும்

அவைத்தலைவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் சான்றோர்களே, மழை வருமா வராதா என்று வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் புதுவைப் பெருமக்களே, வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'தீவு ஒன்றில் கவர்னருக்கு என்ன வேலை?' அழைப்பிதழைப் பார்த்ததுமே வீட்டில் கேட்டார்கள், இந்த ஊரில் இருந்துகொண்டு உங்களுக்கு ஏன் இந்த வம்பு என்று. சிரிக்கிறீர்கள். யாரை நினைத்துச் சிரிக்கிறீர்களோ எனக்குத் தெரியாது! நான் சொல்ல வந்த கவர்னர் செத்து 270 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த ஊர்க் கவர்னர் மாளிகைப் பக்கம் நான் திரும்பக்கூட இல்லை. போலீஸ்கார ஐயா குறித்துக்கொள்ளலாம்.

ஒயிட் டவுனில் லபூர்தொனே வீதி இருக்கிறதே, அந்த லபூர்தொனே. பிரான்சில் சேன் மாலோ துறைமுகத்தில் 1699இல் பிறந்தவர். மாஹேயைப் பிடித்த படையில் இருந்தவர். 1735இல் பிரெஞ்சுக் கம்பெனி அவரை மொரீசியசுக்கும் ரியூனியனுக்கும் சேர்த்துக் கவர்னராக அனுப்பியது. இறங்கிப் பார்த்தால் புதர், குடிசை, பட்டினி. பத்தே வருஷம். போர்ட் லூயியைத் தலைநகராக்கினார். துறைமுகம், ஆஸ்பத்திரி, கிடங்கு, கவர்னர் மாளிகை, ஆற்றிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய். மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்தார். கரும்பாலை வைத்தார். இன்றைக்கும் போர்ட் லூயியில் கடலைப் பார்த்துக்கொண்டு சிலையாக நிற்கிறார். பனை வரிசை, புல்வெளி, அதன் முனையில் அவர். நானும் போய்ப் பார்த்தேன்.

பார்த்துவிட்டு ஒன்று கேட்டேன். கட்டியது யார்?

கவர்னரா கரணை பிடித்தார்? (அப்படித் தட்டுங்கள் கையை!) கட்டியது ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்து வந்த அடிமைகள். அவர்களோடு நம்ம புதுச்சேரியிலிருந்து கப்பலேறிய கொத்தனார், தச்சர், கொல்லர்.

என் தாத்தா கொத்தனார். அவருடைய தூக்குக்குண்டு இன்னும் என் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. பித்தளைக் குண்டு, ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். நூலைப் பிடித்துத் தொங்கவிட்டுவிட்டு ஒரு கண்ணை மூடுவார். குண்டு ஆடி அடங்கும்வரை மூச்சுவிட மாட்டார். பக்கத்தில் நான் பேசினால் அடி விழும். நினைத்துப் பாருங்கள். அப்படி ஒரு குண்டை மடியில் கட்டிக்கொண்டு நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடலில் போயிருக்கிறான் ஒருவன். இங்கே செங்கல்லும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் பழகிய கை. அங்கே எரிமலை கக்கிய கருங்கல், பவழத்தைச் சுட்ட சுண்ணாம்பு. கல் வேறு, காற்று வேறு. நூல் மட்டும் அங்கேயும் நேராகத்தானே தொங்கும்! அவன் பெயர் என்ன? சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தேன், இல்லை. அவர்கள் குடியிருந்த இடத்துக்கு மட்டும் மலபார்களின் குடியிருப்பு என்று பெயர் வைத்தார்கள். தமிழனைப் பார்த்து மலபார் என்றான் வெள்ளைக்காரன். ரியூனியனில் இன்றைக்கும் அதுதான் பெயர்.

இங்கே சில பேரறிஞர்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், பக்கத்துத் தெருவில் அவர்களுக்கும் இன்றைக்குக் கூட்டம். நாற்காலி நிறையவில்லை என்று கேள்வி. அவர்கள் எழுதுகிறார்கள், மொரீசியசுக்குத் தமிழன் போனது 1834க்குப் பிறகு, கரும்பு வெட்டத்தான் என்று. ஐயா, கரும்பு வெட்டப் போனதும் நம் ஆள்தான், அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் அதற்கு நூறு வருஷம் முன்னால் அந்த ஊருக்குச் சுவர் எழுப்பப் போனவனை ஏன் மறைக்கிறாய்?

மொரீசியஸ் நூறு ரூபாய் நோட்டைப் பையில் வைத்திருக்கிறேன், பாருங்கள். தமிழ் எழுத்து தெரிகிறதா? பின்வரிசைக்குத் தெரியாது, நான் சொல்கிறேன், தெரிகிறது! நோட்டில் இருக்கும் முகம் ரெங்கநாதன் சீனிவாசன். 1998இல் புது நோட்டு அடித்தபோது மொழிகளின் வரிசையை மாற்றித் தமிழைக் கீழே இறக்கினார்கள். அந்த நாட்டுத் தமிழர்கள் தெருவுக்கு வந்தார்கள். எங்கள் மொழி முதலில் வந்தது, முதலில்தான் நிற்கும் என்றார்கள். அச்சடித்த நோட்டை அரசாங்கம் திரும்ப வாங்கிக்கொண்டு, தமிழைப் பழைய இடத்தில் வைத்து மறுபடி அடித்தது. முதலில் வந்தது என்று எந்தத் தைரியத்தில் சொன்னார்கள்? அந்தக் கொத்தனார் கொடுத்த தைரியம்!

எங்கே விட்டேன்? கவர்னர். தலைவர் முறைக்கிறார்.

தீவுக் கவர்னருக்கு இரண்டு முகம் வேண்டும். ஊருக்கு அவர் ராஜா. கப்பல் வந்தால் கடிதத்தில் அவர் வேலைக்காரர். பாரிசில் கம்பெனி இயக்குநர்கள் ஒரு முறை கேட்டார்களாம், சொந்தக் கணக்கில் இவ்வளவு லாபம் பார்த்த நீர் எங்கள் கணக்கில் ஏன் நஷ்டம் காட்டினீர் என்று. அவர் சொன்னாராம், என் காரியத்தை என் புத்திப்படி பார்த்தேன், உங்கள் காரியத்தை நீங்கள் சொன்னபடி பார்த்தேன். தலைமைச் செயலகத்தில் வேலை பார்க்கிறவர்கள் ரொம்ப நேரம் தட்டுகிறீர்கள், போதும்!

1746இல் அதே மனிதர் கப்பற்படையோடு வந்து ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தார். 11 லட்சம் வராகன் கொடுத்தால் கோட்டையைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தனியாகவும் ஏதோ வாங்கினார் என்று பேச்சு. புதுச்சேரியில் யார் கவர்னர்? துய்ப்ளெக்ஸ். தீவுக்கு நீ கவர்னர், இந்தியாவில் காலை வைத்தால் இங்கே நான்தான் கவர்னர் என்றார். ஒரு கோட்டைக்கு இரண்டு கவர்னர்! ஆனந்தரங்கப்பிள்ளை இந்தச் சண்டையைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார். வருகிற பெரிய மனிதருக்கு எத்தனை பீரங்கி போட்டார்கள் என்பதையும் எண்ணி எழுதுகிற மனிதர். அக்டோபர் மாதம் புயல் அடித்தது. நம்ம அக்டோபர் புயலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். கப்பல்கள் சிதறின. தீவுக்குத் திரும்பினால் நாற்காலியில் வேறு ஆள். பிரான்சுக்குப் போகும் வழியில் ஆங்கிலேயன் பிடித்தான். விடுதலையாகி ஊருக்குப் போனால் பஸ்தீல் சிறை. பேரன் ஒருவர் சதுரங்கத்தில் பெரிய கெட்டிக்காரர், 1834இல் லண்டனில் ஒரே எதிராளியோடு 85 ஆட்டம் ஆடினார். தாத்தாவுக்குத்தான் காய் நகர்த்தத் தெரியவில்லை.

சிறையில் காகிதம் இல்லை, மை இல்லை. தன் நியாயத்தை எப்படி எழுதினாராம் தெரியுமா? கைக்குட்டையை அரிசிக் கஞ்சியில் தோய்த்துக் காயவைத்து, அதன்மேல் எழுதினார் என்று சொல்வார்கள். நம்ம கஞ்சி! அவர் நிரபராதி என்று 1751இல் வெளியே விட்டார்கள். 1753இல் போய்ச் சேர்ந்தார்.

உடனே கண் கலங்கிவிடாதீர்கள். இந்த நல்ல கவர்னர்தான் தப்பி ஓடிய அடிமைகளைப் பிடிக்க அடிமைகளிலேயே ஆள் பழக்கினார். நம்மவர்களிலும் எல்லாரும் கூலி பேசிப் போனவர்கள் இல்லை, விற்கப்பட்டுப் போனவர்களும் உண்டு. அவர்களுக்குக் கைக்குட்டை கிடைத்ததா? கஞ்சி கிடைத்ததா என்பதே சந்தேகம்.

லபூர்தொனேக்கு அடுத்து வந்த கவர்னர் மோகா மலைப்பக்கம் ஒரு மாளிகை எழுப்பினார். லெ ரெதுய் என்று பெயர். பிரெஞ்சுக்காரன் போனான், 1810இல் ஆங்கிலேயன் வந்தான், வந்த கவர்னரெல்லாம் அங்கேதான் படுத்து எழுந்தார்கள். 1968இல் விடுதலை. அதற்குப் பிறகும் ராணி பெயரில் கவர்னர் ஜெனரல். கடைசிக் கவர்னர் ஜெனரல் யார்? அவரே 1992இல் முதல் குடியரசுத் தலைவரும் ஆனார். யார்? வீராசாமி ரிங்காடு! தமிழ் வம்சம்! இப்போது தட்டுங்கள், இதற்குத்தான் இவ்வளவு நேரம் சேர்த்து வைத்தேன்.

தலைவர் இரண்டாவது சீட்டு அனுப்பிவிட்டார். பிரிக்கவில்லை, என்ன எழுதியிருக்கும் என்று தெரியும். எனக்கு ஒரு பொன்னாடை போட்டீர்கள். வாய்ச்சொல்லுக்குப் பொன்னாடை எதற்கு? பக்கத்து மண்டபத்துச் சுவரைப் பூசிக்கொண்டிருந்த மேஸ்திரி, சாரத்திலிருந்து இறங்கி, கையில் சிமென்ட் காய்வதற்குள் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மேலே வாங்க மேஸ்திரி. வெட்கப்படாதீங்க. தம்பி, வழி விடுப்பா. சால்வை அப்புறம். முதலில் உங்க பெயரைச் சொல்லுங்க. சத்தமா, மைக்கில்.