கற்பனை, அர்ப்பணிப்பு, கொஞ்சம் கிறுக்கு



இந்த மாநாட்டுக்காக நாம் கூடியிருக்கும் ஷா ஆலம் முன்பு சுங்கை ரெங்கம் தோட்டம். 1978இல் இது சிலாங்கூரின் தலைநகரானது. அந்தத் தோட்டத்தின் பரப்பளவை நிலப் பதிவேடுகள் சொல்லும். அங்கே பால்மரம் சீவியவள் எதற்கு அஞ்சினாள், யாரை நினைத்து அழுதாள் என்பதைப் பதிவேடு சொல்லாது. அதைச் சொல்லத் துணிவது புனைகதை. அந்தத் துணிவுக்குக் கற்பனை வேண்டும், அர்ப்பணிப்பு வேண்டும், கொஞ்சம் கிறுக்கும் வேண்டும்.

முதலில் கற்பனை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளத்துக்கு சயாம் – பர்மா ரயில் பாதை போட்டார்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். போர்க்கைதிகளில் உயிர் தப்பியவர்கள் நாட்குறிப்புகளும் ஓவியங்களும் விட்டுச்சென்றார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு மாண்ட பல்லாயிரம் தமிழர்களுக்கோ ஆளுக்கொரு கல் கூட இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் 1993இல் வந்தது. அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ நாவலை எழுதினார். ஆவணம் கைவிட்ட மனிதர்களுக்கு முகமும் குரலும் பசியும் கொடுத்தது கற்பனைதான்.

அடுத்தது அர்ப்பணிப்பு. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் கதை வகுப்பு நடத்தினார்கள். சிறுகதையைப் பயின்று எழுத வேண்டிய கலையாக இந்நாட்டில் நிறுவிய முயற்சி அது. அந்த உழைப்பின் உச்சத்தை ரெங்கசாமியிடம் காண்கிறோம். மரண ரயிலோடு அவர் நிற்கவில்லை. இந்திய தேசிய ராணுவத்தை ‘இமையத் தியாக’த்திலும், மலாயாவின் அவசரகாலத்தை ‘லங்காட் நதிக்கரை’யிலும் எழுதினார். ஒரு தலைமுறை பட்டதையெல்லாம் நாவல் நாவலாகத் தன் தோளில் ஏற்றிக்கொண்டார்.

மூன்றாவது கிறுக்கு. நாவலாசிரியர் ப. சிங்காரத்தை நினைத்துப் பாருங்கள். சுமத்ராவின் மேடானில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஊர் திரும்பி, மதுரையில் நாளிதழ் ஒன்றில் பணிபுரிந்தபடி விடுதி அறையில் தனித்து வாழ்ந்தார். மேடானையும் பினாங்கையும் மனத்தில் வைத்து இரண்டே நாவல்கள் எழுதினார். இரண்டாவதான ‘புயலிலே ஒரு தோணி’ எழுதப்பட்டுப் பத்தாண்டு காத்திருந்து 1972இல்தான் அச்சேறியது. புகழ் வரும், பணம் வரும் என்று கணக்குப் பார்ப்பவர் அந்த நாவலை எழுதியிருக்க மாட்டார். எழுதாமல் இருக்க முடியாதவர் மட்டுமே எழுதக்கூடியது அது.

ஆய்வாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மலேசியத் தமிழ் நாவல்களை நாம் பெரும்பாலும் வரலாற்றுச் சான்றாகவே படித்துவருகிறோம். தோட்ட வாழ்க்கை வந்திருக்கிறதா, துன்பம் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக் கட்டுரையை முடித்துவிடுகிறோம். தகவலுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கலையை வாசலிலேயே நிறுத்திவிடும் வாசிப்பு இது. ஆசிரியர் ஏன் இந்தப் பாத்திரத்தின் கண்வழி பார்த்தார்? தான் நேரில் காணாததை எப்படிக் கண்டார்? எந்த இடத்தில் அவர் கற்பனை தயங்கியது? இக்கேள்விகளை இந்த மாநாட்டின் அரங்குகளில் தாட்சண்யமின்றிக் கேளுங்கள். அந்த எழுத்தாளர்களுக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை அதுவே.

இளம் எழுத்தாளர்களே, உங்களில் பலர் தோட்டத்தில் பிறந்தவர்கள் அல்லர். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அடுக்குமாடி வீடுகளில் வளர்ந்தவர்கள். பாட்டியின் நினைவுகளை மட்டும் நம்பி நெடுங்காலம் எழுத முடியாது. உங்கள் மாடிப்படியில் தினமும் எதிர்ப்படும் மனிதரை, அவர் சொல்லாததையும் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கற்பனை செய்யுங்கள். பத்து முறை திருத்துங்கள். யாரும் கேட்காவிட்டாலும் எழுதுங்கள். உங்களை நம்பித்தான் இந்த மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.