ஜாடை புரியாதது திமிர் அல்ல: மனச்சிதைவு நோயும் மூளையின் ‘பிரேக்’கும்



மனச்சிதைவு என்றாலே காதில் குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம், இவைதான் நம் நினைவுக்கு வரும். மருந்தில் இவை பலருக்கும் குறைகின்றன. அதன் பிறகும் வீட்டில் ஒரு குறை இருக்கும். “மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறான். ஆனா அம்மா முகம் வாடினாக்கூட கண்டுக்க மாட்டேங்கிறான். வேணும்னே பண்றான்.” வேணும்னு பண்ணலைங்க. இதுவும் நோயின் ஒரு பகுதிதான்.

மூளையில் தூண்டிவிடும் நரம்பணுக்களும் உண்டு, அடக்கிவைக்கும் நரம்பணுக்களும் உண்டு. வண்டிக்கு ஆக்ஸிலேட்டர், பிரேக் மாதிரி. பிரேக் வேலையைச் செய்யும் முக்கிய வேதிப்பொருளின் பெயர் ‘காபா’. பேருந்து நிலையத்தில் நின்று பேசுறோம். ஹாரன் சத்தம், டீக்கடைப் பாட்டு எல்லாத்தையும் ஒதுக்கிவிட்டு எதிரில் இருப்பவர் பேச்சை மட்டும் நம்மால் பிடிக்க முடிகிறது. அதற்கு இந்த பிரேக் வேண்டும்.

மனச்சிதைவு உள்ள பலருக்கு அது தளர்ந்திருக்கிறது. அரை விநாடி இடைவெளியில் இரண்டு ‘டிக்’ ஒலிகளைக் கேட்க வைப்பார்கள். பொதுவாக இரண்டாவது ஒலிக்கு மூளை காட்டும் எதிர்வினை நன்றாகக் குறையும். இந்நோய் உள்ள பலருக்கு அந்த அளவு குறைவதில்லை. தேவையில்லாததும் உள்ளே வந்துகொண்டே இருந்தால், முகக்குறிப்பும் கிண்டலும் ஜாடைப் பேச்சும் எப்படிப் பிடிபடும்? இது ஒன்றுதான் காரணம் என்று அறிவியல் சொல்லவில்லை. இந்தத் தொடர்பை ஆராய்ந்து வருகிறார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்? “அரிசி இல்லைன்னு கண்ணுக்குத் தெரியலையா?” என்று கேட்காதீங்க. “தம்பி, கடைக்குப் போய் அஞ்சு கிலோ அரிசி வாங்கிட்டு வா” என்று நேராகச் சொல்லுங்க. டிவியை அணைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் பேசுங்க. வருத்தமா இருந்தால் “எனக்கு வருத்தமா இருக்கு” என்று வாய்விட்டுச் சொல்லுங்க. மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீங்க. பழகும் திறனுக்குத் தனிப் பயிற்சி உண்டு, அதையும் அவரிடம் கேளுங்க.

மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை கிடைக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பாதிப்பு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருப்பதாக மருத்துவச் சான்று பெற்றவர்கள் அரசு உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேளுங்க.

கால் ஊனமானவரை “ஏன் ஓடலை?” என்று நாம் கேட்பதில்லை. இவர்களையும் “ஏன் புரியலை?” என்று கேட்க வேண்டாம். புரியும்படி சொல்லுவோம்.