சங்கொலி கேட்ட தெரு

(சூலூரில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எங்களை அணுகிக் "கல்வியின் மேன்மை" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு பணித்தனர். கல்வியின் மேன்மையை எடுத்துரைக்க ஆன்றோர் பலர் இங்கு வந்துள்ளனர். அதனைக் கேட்டுக் கேட்டு உங்கள் செவிகளும் தழும்பேறியிருக்கும். ஆகவே, தலைவரின் இசைவைப் பெற்று, நாங்கள் ஒரு தெருவைப்பற்றிப் பேச விழைகின்றோம். கோவை நகரில், புலியகுளத்தை அடுத்து, ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த லைன் வீட்டுத் தெரு அது. 1960-களில் எங்கள் இளமை அங்கே கழிந்தது. நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் சிலரும் அதே தெருவில் எங்களோடு பம்பரம் விட்டவர்களே. 'நாங்கள்' என்று இவ்வுரையில் கூறும்போதெல்லாம் அவர்களையும் சேர்த்தே கூறுகின்றோம்.

சூலூருக்குத் தெற்கே இருந்த எங்கள் ஊரை விட்டு எங்கள் தந்தையர் நகரம் புகுந்தது ஏன்? "பஞ்சம் பிழைக்க" என்று ஒரே சொல்லில் விடை கூறுவது வழக்கம். அது முழு உண்மையன்று. கொங்கு நாட்டுத் தோட்டங்களுக்குக் கிணறே உயிர். கிணற்று நீரை மேலேற்றியது கவலை. எருதுகள் சரிவில் இறங்க இறங்கச் சால் மேலேறி வாய்க்காலில் நீரைக் கொட்டும். அந்தச் சாலுக்குத் தோலைப் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தவர்கள் எங்கள் பாட்டன்மார். ஆண்டுக்கு இத்தனை வள்ளம் என்று களத்தில் அவர்களுக்குத் தானியம் அளப்பார்கள். 1932-33 அளவில் பைகாரா நீர்மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்தது. 1888-இல் ஸ்டேன்ஸ் துரை நிறுவிய மில்லுக்குப் பின் ஒன்றிரண்டாக எழும்பிய நூற்பாலைகள், அந்த மின்சாரம் வந்ததும் மளமளவெனப் பெருகின. அதே மின்கம்பி நாளடைவில் தோட்டத்துக் கிணற்றுக்கும் சென்றது. பம்புசெட்டு வந்த கிணற்றில் சாலுக்கு வேலை இல்லை. சாலுக்கு வேலை இல்லையெனில் தோல் தைப்பவனுக்குக் களத்தில் பங்கும் இல்லை. ஊரில் எங்கள் பிழைப்பைப் பறித்ததும் நகரில் எங்களை வேலைக்கு அழைத்ததும் ஒரே கம்பிதான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஊரில் நேற்றுப் பிறந்த பிள்ளையும் எங்கள் பாட்டனாரைப் பெயர் சொல்லி 'வாடா, போடா' என்று அழைக்கும். அவரோ அக்குழந்தையைச் 'சாமி' என்று விளிக்க வேண்டும். ஆலையில் சேர்ந்த எங்கள் தந்தையாருக்கு வாயிலில் ஓர் எண் கொடுத்தார்கள். மனிதனை எண்ணாக்குவது இழிவு என்று அறிஞர்கள் எழுதுகின்றனர். அவர்கள் கூறுவது சரியாகவே இருக்கலாம். ஆனால் பிறந்தது முதல் 'டா' என்று அழைக்கப்பட்டவனுக்கு அந்த எண்ணே ஒரு மரியாதையாகத் தோன்றிற்று என்பதை அவர்கள் அறியமாட்டார்கள்.

தெருவுக்கு வருவோம். எதிரெதிரே இரு வரிசை வீடுகள். ஒவ்வொரு வீடும் ஓர் அறை, ஒரு திண்ணை, ஓட்டுக் கூரை. தெருக்கோடியில் ஒரு குழாய். சிறுவாணித் தண்ணீரின் சுவையை உலகமே புகழும். எங்கள் தாய்மார்கள் அந்தச் சுவையை வரிசையில் குடத்தை வைத்துக் காத்திருந்த பிறகே அறிந்தார்கள். எந்த வீட்டிலும் கடிகாரம் கிடையாது. ஆலைச் சங்குதான் கடிகாரம். முதல் ஷிப்டுச் சங்குக்கு முன்னரே அடுப்புகள் புகையும். இராத்திரி ஷிப்டு முடித்து வந்தவர்கள் பகலில் உறங்குவார்களாதலால், பகல் வேளையில் தெருவில் கூச்சலிட்டு விளையாடக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். உறங்குபவர் தம் தந்தையாயினும் பிறர் தந்தையாயினும் சட்டம் ஒன்றே. நாங்கள் கற்ற முதல் ஒழுக்கம் அது என்றே சொல்லலாம்.

உணவு இடைவேளைக்குத் தூக்குப் போசியில் சோறு கொண்டு செல்வது பிள்ளைகளின் கடமை. ஆலை வாயிலின் கம்பிக் கதவு வழியே தந்தையர் வருவதைப் பார்த்திருப்போம். தலையிலும் புருவத்திலும் மீசையிலும் வெண்பஞ்சு படிந்திருக்க, எல்லாத் தந்தையரும் ஒரே நாளில் கிழவர்களானதுபோல் தோன்றுவர். அவர்களுள் நம்மவர் யார் என்று அடையாளம் காண்பதே எங்களுக்கு விளையாட்டு. அந்தப் பஞ்சுத்தூசி நெஞ்சுக்குள்ளும் படிந்தது என்பதைப் பின்னாளில், அவர்கள் ஐம்பது வயதிலேயே மூச்சிரைத்து அமர்ந்தபோதுதான் அறிந்துகொண்டோம்.

வீட்டில் எங்கள் பேச்சுத் தெலுங்கு. தெருவில் தமிழ். அடுத்த வரிசையில் மலையாளமும் கேட்கும். சற்றுத் தொலைவில் பட்சிராஜா ஸ்டுடியோ இருந்தது. 1954-இல் வெளிவந்த 'மலைக்கள்ளன்' படம் அந்நிறுவனம் எடுத்ததே. அதில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றதாகக் கூறிக்கொண்ட பெரியவர்கள் எங்கள் தெருவில் மட்டும் பதினைந்து பேருக்குக் குறையாமல் இருந்தனர். அத்தனை பேரையும் நிறுத்த எந்தப் படத்திலும் இடம் போதாது!

இவ்வாறு கூறுவதால் அத்தெருவைச் சமத்துவபுரி என்று நீங்கள் எண்ணிவிடலாகாது. இளைஞர்கள் இதனைக் கவனமாகக் கேட்க வேண்டும். வேலை கேட்டுச் செல்பவனை ஆலை மேஸ்திரி முதலில் கேட்டது, "எந்த ஊரு? யார் வகை?" என்பதையே. தம் உறவினரையும் ஊராரையும் சேர்த்துக்கொள்வது மேஸ்திரிகளின் வழக்கம். நம்மவர்களுக்கு எஞ்சியவை கழிவுப் பஞ்சு கூட்டும் வேலையும் பஞ்சுப் பொதி பிரிக்கும் வேலையுமே. எங்கள் தந்தையார் பதிலியாகச் சேர்ந்து, பல ஆண்டுகள் பஞ்சு கூட்டிய பிறகே ஓர் எந்திரத்தருகே நின்றார். லைன் வீடுகளிலும் எங்கள் வரிசை தனி. குழாயடியில் எங்கள் குடம் அடுத்த வரிசைக் குடத்தைத் தொட்டுவிட்டால், அதைப் புளி போட்டுக் கழுவுபவர்கள் இருந்தனர். ஊரில் இதைச் செய்தால் எதிர்த்துப் பேச இயலாது. இங்கே எங்கள் தாயார் எதிர்த்துப் பேசினார். வேறுபாடு அவ்வளவே, ஆயினும் அது சிறிய வேறுபாடன்று.

இது கோவைக்கு மட்டும் உரியதன்று. பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோரைச் சேர்ப்பதில்லை. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டியிருந்ததால், அவர்கள் வாய் பட்டதைப் பிறர் தொடமாட்டார்களாம். 1928-இல் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இதனைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் வைத்து வாதாடினார். தொழிலாளர் ஒற்றுமை பேசியவர்களும் தயங்கியே அதனைக் கோரிக்கைகளுள் சேர்த்தனர். சங்கக் கொடியின் கீழ் நிற்பதோடு நம் வேலை முடிந்துவிடாது என்று எங்கள் தெருப் பெரியவர்கள் அறிந்திருந்ததும் இவ்வகை அனுபவத்தினாலேயே.

அதே வேளையில் தொழிற்சங்கத்துக்கு நாங்கள் பட்ட கடனை மறைத்தால் நன்றி கொன்றவர்கள் ஆவோம். 1946 ஜனவரி 8-ஆம் நாள் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையத் தொழிலாளர்களாகிய இராமையன், இரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நால்வரின் கதையைக் கேளாமல் எங்கள் தெருவில் ஒரு பிள்ளையும் வளர்ந்ததில்லை. தெருமுனையில் ஓலைக் கூரை வேய்ந்த படிப்பகம் ஒன்று இருந்தது. மாலையில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். சுற்றிலும் அமர்ந்து மற்றவர்கள் கேட்பர். இரவில் அங்கேயே முதியோருக்கு எழுத்துக் கற்பித்தனர். எங்கள் தந்தையார் தம் நாற்பதாம் வயதில் பெயரெழுதக் கற்றார். அடுத்த சம்பள நாளில் மைப்பெட்டியை ஒதுக்கிவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டாராம். எழுத்தர் நிமிர்ந்து பார்த்தாராம். அன்று வீட்டுக்கு வந்தவர் சம்பளத்தைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. எழுத்தர் நிமிர்ந்து பார்த்ததைப்பற்றியே மூன்று முறை கூறினார்.

அண்ணலின் மாணவப் பருவமும் இத்தகைய தெருவிலேயே கழிந்தது என்பதைப் பின்னர் படித்தறிந்தோம். பம்பாய்ப் பரேல் பகுதியில் டபக் சாள் என்னும் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே அறை. சமையலும் உறக்கமும் படிப்பும் அதிலேயே; வீட்டு ஆடும் அங்கேயே கட்டிக் கிடக்கும். மகனை முன்னிரவில் உறங்கவைத்து, இரவு இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்கச் செய்வார் தந்தை இராம்ஜி. 1907-இல் அண்ணல் மெட்ரிகுலேஷன் தேறியது அவ்வாறுதான். எங்கள் வீட்டில் எழுப்பியது சங்கொலி. எழுந்தபின் பாடம் சொல்லித் தந்தவர் எங்கள் அக்கா.

அக்காவைப்பற்றிக் கூறாமல் இவ்வுரையை முடிக்க இயலாது. உண்மையில் அதற்காகவே இத்தெருவைத் தேர்ந்தோம்.

கணக்கில் அவருக்கு நிகர் அத்தெருவில் எவருமில்லை. தந்தையாருக்குப் பதிலி வேலை எத்தனை நாள் கிட்டியது, பிடித்தம் போக எவ்வளவு வரவேண்டும் என்பதைத் தாளின்றியே கூறிவிடுவார். எட்டாம் வகுப்பில் வகுப்பிலேயே முதல். 1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு எங்களைப் பள்ளியில் இருத்தியது உண்மை. ஆனால் அவ்வாண்டு தந்தையார் நோயில் விழுந்தார். தம்பிகள் இருவர் படிக்க வேண்டும். அக்காவுக்குப் பதினான்கு நிறையும்வரை காத்திருந்து, நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பகுதியில் சேர்த்தார்கள். எவரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. எவரும் அவரைக் கேட்கவும் இல்லை. ஷிப்டு முடிந்து வந்து, விரல்களில் நூல் அறுத்த கோடுகளோடு, திண்ணை விளக்கின்கீழ் அமர்ந்து எங்களுக்கு அல்ஜீப்ரா கற்பித்தார். அவர் பள்ளியில் படித்தறியாத அல்ஜீப்ரா அது. எங்கள் புத்தகத்தைப் பார்த்துத் தாமே கற்றுக்கொண்டு எங்களுக்குச் சொல்லித் தந்தார்.

தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை 1944-இல் தொடங்கிற்று. அதனால் நாங்கள் கல்லூரி கண்டோம். அதற்காக என்றும் நன்றியுடையோம். ஆனால் அந்த ஏணி தரையிலிருந்து தொடங்கவில்லை. பத்துப் படி உயரத்திலிருந்து தொடங்கிற்று. எட்டாம் படியில் நின்ற எங்கள் அக்காவுக்கு அது எட்டவில்லை. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு நடுவண் அரசின் உதவித்தொகை வந்தது 2012-இல்தான். இடைப்பட்ட 68 ஆண்டுகளில் எத்தனை அக்காமார்கள்! இதற்கிடையே, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 'சுமங்கலித் திட்டம்' என்னும் மங்கலப் பெயரோடு, மூன்றாண்டு ஆலை விடுதியில் அடைந்து உழைத்தால் திருமணத்துக்கு ஒரு தொகை தருவதாகச் சொல்லிச் சிற்றூர்ப் பெண்பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். அவர்களுள் நம் வீட்டுப் பிள்ளைகள் மிகப் பலர். எங்கள் அக்காவுக்காவது மாலையில் வீடு திரும்பும் உரிமை இருந்தது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தைத் தொடங்கியபோது, முதல் உதவித்தொகையைக் கல்லூரி மாணவருக்கே வழங்க வேண்டும் என்று பலர் கூறினர். பெயர் விளங்கும், நாளிதழில் படம் வரும் என்பது அவர்கள் வாதம். எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைக்கே என்று நாங்கள் சிலர் பிடிவாதம் பிடித்தோம். அப்போது எங்களைக் கடிந்துகொண்ட நண்பர்கள் இங்கே முன்வரிசையில் அமர்ந்துள்ளனர். அவர்களுக்கு இன்று காரணம் விளங்கியிருக்கும்.

அண்மையில் அத்தெருவுக்குச் சென்றோம். 1974-இல் நலிந்த நூற்பாலைகள் 103-ஐ அரசு நாட்டுடைமையாக்கியபோது கோவையின் பங்கஜா மில், காம்போடியா மில் முதலியனவும் அதில் சேர்ந்தன. பிள்ளைகளின் காலத்துக்கும் வேலை உறுதி என்று தெருவே மகிழ்ந்தது. 2020 மார்ச் ஊரடங்கில் அவ்வாலைகள் நின்றன. திறக்கக் கோரித் தொழிலாளர் பலமுறை வீதியில் அமர்ந்தனர். எங்கள் லைன் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. குழாயடியைத் தேடினோம், கிடைக்கவில்லை. அங்கே எங்களை அடையாளம் கண்டவர் எவருமில்லை.

திரும்பும் வழியில் அக்காவின் வீட்டுக்குச் சென்று வெள்ளி விழா அழைப்பிதழைக் கொடுத்தோம். கண்ணாடியை அணிந்து முழுவதும் படித்தார். சங்கத்தின் உதவியால் பட்டம் பெற்றோரின் எண்ணிக்கையைப் பெருமையோடு கூறினோம். கேட்டுக்கொண்டிருந்தவர், "அது சரி தம்பி, எட்டாவதோட நின்னு போன புள்ளைக எத்தனைன்னு கணக்கு வெச்சிருக்கீங்களா?" என்றார்.

எங்களிடம் அந்தக் கணக்கு இல்லை. மறுநாளே செயலாளரிடம் கூறினோம். கடந்த இரண்டு மாதங்களாக நம் இளைஞர்கள் சூலூரைச் சுற்றியுள்ள நம் குடியிருப்புகளில் வீடு வீடாகச் சென்று ஒரு பட்டியல் எடுத்துள்ளனர். பெயர், வயது, நின்ற வகுப்பு, இப்போது செய்யும் வேலை எல்லாம் அதில் உள்ளன. அக்கா இங்கே மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். செயலாளர் இப்போது அந்தப் பட்டியலைப் படிப்பார்.