புனிதர்களின் பாட்டும் நம் ஐந்து குழல்களும்

(பங்கின் பேண்டு வாத்திய இளைஞர்களுக்குப் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலித் தேர்ப்பவனிக்கு வெளியூர் பேண்டு செட்டை அமர்த்திவிடலாம் என்று பெரியவர்கள் சிலர் நம்மிடம் கூறினர். டிரம் அடித்தவர்கள் பிழைப்புக்காகத் திருப்பூர் போய்விட்டனர். எஞ்சியோர் ஐவர்: டிரம்பெட் இருவர், டிராம்போன் ஒருவர், யூஃபோனியம் இருவர். ஐவர் போதும் என்பது நமது துணிபு. 1970-இல் கனடாவின் டொரண்டோ நகரில் தோன்றிய 'கனடியன் பிராஸ்' குழுவினரும் ஐவரே. லூதர் ஹெண்டர்சன் என்பார் ஜாஸ் பாடல்களை அந்த ஐந்து குழல்களுக்கென்றே மாற்றி எழுதித் தந்தார்.

நாம் எடுத்துக்கொண்டது 'வென் தி செயின்ட்ஸ் கோ மார்ச்சிங் இன்'. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஞானப்பாடல். லூயி ஆம்ஸ்ட்ராங் 1938-இல் இதை இசைத்தட்டில் பதிந்தபின் ஜாஸ் உலகின் பொதுச்சொத்தாயிற்று. நியூ ஆர்லியன்ஸ் நகரில் கல்லறைக்குப் போகையில் பேண்டு துயர நடையில் செல்லும். அடக்கம் முடிந்து திரும்புகையில் இத்தகைய பாடல்களைத் துள்ளலாக வாசிக்கும். திண்டுக்கல் சீமையில் அடக்கத்துக்குப் பேண்டு வைக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாம் இதைத் தேர் நிலைக்குத் திரும்பும் கடைசித் தெருவில் வாசிப்போம்.

மெட்டு எளிது. ச முதல் ப வரை ஐந்தே சுரங்கள். ச, க, ம மூன்றும் முதல் அடிக்கு முன்பே புறப்பட்டுவிடும்; ப அடியில் விழுந்து நீண்டு நிற்கும். அந்த நீட்சியில்தான் வேலை இருக்கிறது. முதல் டிரம்பெட் நிற்க, இரண்டாம் டிரம்பெட்டும் டிராம்போனும் பதில் சொல்லவேண்டும். சகல புனிதர் பிரார்த்தனையில் குரு ஒரு பெயரைச் சொல்ல, சபையார் பதில் சொல்வதில்லையா? அதே முறைதான்.

காகிதத்தில் சமமாகத் தோன்றும் இரு சுரங்களைச் சமமாகவே வாசித்தால் பள்ளிக்கூட அணிவகுப்பாகிவிடும். 'தகிட' என்று சொல்லிப் பாருங்கள். முதல் சுரம் 'த'வில், அடுத்தது 'ட'வில். ஜாஸின் ஊஞ்சல் அதில்தான் இருக்கிறது.

டியூபா நம்மிடம் இல்லை. ஆகவே ஒரு யூஃபோனியம் அடிச்சுரம் பிடிக்கும். டிரம் இல்லாததால் தாளமும் அவர் பொறுப்பே. ஐவரில் பாரம் அதிகம் சுமப்பவர் அவர்தான், கைதட்டல் கிடைக்காதவரும் அவர்தான். அவர் மூச்சு வாங்கும் இடங்களைக் குறித்திருக்கிறோம்; அங்கே டிராம்போன் அடியைத் தாங்கட்டும். மூன்று சுற்றும் முதல் டிரம்பெட்டே மெட்டு வாசித்தால் உதடு தளர்ந்துவிடும். எனவே இரண்டாம் சுற்றை மற்ற யூஃபோனியத்திடம் கொடுத்திருக்கிறோம். அப்போது டிரம்பெட்டுகள் அடங்கவேண்டும். சொந்தக்காரர்கள் வாசலில் நின்று பார்க்கும்போது அடங்குவது கடினம் என்பதும் நமக்குத் தெரியும்!

நாளை மாலைப் பூசைக்குப் பின் பயிற்சி. முதலில் அடிச்சுரம் பிடிப்பவர் மட்டும் வரட்டும்.