சித்தப்பாவின் காதுக் கருவி

(ஏலப்பாறை மாலை வகுப்பில் பேசியது)



எங்கள் சித்தப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். பல வருடம் ரோலர் பக்கத்திலேயே நின்றார். இரைச்சல் அவர் காதைத் தின்றுவிட்டது. பின்னால் ஜீப் ஹாரன் அடித்தாலும் ஒதுங்க மாட்டார். அவர் கடைக்குப் போய்த் திரும்பும் வரை சித்தி லயத்து வாசலிலேயே நிற்பார்.

காதுக்குள் நத்தைக் கூடு போல ஒரு சுருள் இருக்கிறது. அதில் மிக நுண்ணிய மயிரணுக்கள் உண்டு. ஒலியை நரம்புக்குச் சொல்வது அவைதான். ஓயாத இரைச்சல், முதுமை, சில நோய்கள், சில மருந்துகள் அவற்றை அழிக்கும். கவாத்து வெட்டிய தேயிலை துளிர்க்கும். இவை துளிர்ப்பதில்லை.

மயிரணுக்கள் ஓரளவு மிஞ்சியிருந்தால் காதுக் கருவி உதவும். அது ஒலியைப் பெரிதாக்கித் தரும். சித்தப்பாவும் வாங்கினார். இரண்டே நாள்தான் போட்டார். "மழைச் சத்தம் மண்டையைப் பிளக்குது" என்று டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டார். தப்பு அவர் மேல் இல்லை. பழக வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. முதலில் சத்தமில்லாத அறையில் ஒரு மணி நேரம் போட வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். சத்தம் குத்தினால் கருவியைத் திருத்தி அமைத்துத் தருவார்கள்.

மயிரணுக்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டால்? அதற்குத்தான் காக்ளியர் இம்ப்ளான்ட். அறுவை செய்து, நத்தைச் சுருளுக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்துவார்கள். அது மின்சாரத்தால் நரம்பை நேரே தூண்டும். ஆஸ்திரேலிய டாக்டர் கிரேம் கிளார்க்கின் அப்பாவுக்குக் காது மந்தம். சுருளுக்குள் கம்பியை எப்படி நுழைப்பது என்று கிளார்க் தவித்தார். 1977இல் கடற்கரையில் ஒரு சங்குக்குள் புல்லை நுழைத்துப் பார்த்தார். அடி தடித்து நுனி மெலிந்த புல் சுலபமாக உள்ளே போனது! அடுத்த ஆண்டே காது கேளாத ஒருவருக்குக் கருவியைப் பொருத்தினார்.

பேசிப் பழகிய பிறகு காது போனவர்களுக்கு இது நன்றாக உதவும். ஆனால் பல மாதப் பயிற்சி வேண்டும். செலவும் பல லட்சம். கேரள அரசின் சுருதிதரங்கம் திட்டம் சிறு குழந்தைகளுக்கானது. குடும்பத்தைத் தாங்குகிறவரின் காதும் காதுதானே?

காதுக் கருவிக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. 1981இல் மத்திய அரசு தொடங்கிய உதவிக் கருவித் திட்டத்தில், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும். 40 சதவீதக் குறைபாட்டுச் சான்று வேண்டும். முதலில் பீர்மேடு தாலுகா மருத்துவமனையில் காட்டுங்கள். சிலருக்கு அழுக்குதான் அடைத்திருக்கும். அதை எடுத்தாலே கேட்கும். வீட்டில் எண்ணெய் ஊற்றாதீர்கள்.

சித்தப்பா இப்போது கருவி போடுகிறார். மழை வந்தால் கழற்றி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, சட்டைப் பையில் வைப்பார். அப்போது பின்னால் நின்று கத்தாதீர்கள். முன்னால் வந்து, முகம் பார்த்து, நிறுத்திப் பேசுங்கள்.